பெயர் போடாத ஒரு பெண்: ஊட்டியில் தொடங்கிய ஓர் எழுத்துப் பயணம்



"வரலாறு சம்பந்தமா ஏதாவது எழுதிக் குடுங்கக்கா" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். சலிவன் துரை கல் பங்களா கட்டிய கதை, ஏரி வெட்டிய கதை, மலை ரயில் வந்த கதை எல்லாம் நம் மலர்களில் எத்தனையோ முறை வந்தாயிற்று. நம் கல்லூரி 1955-ல் தொடங்கிய கதையும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே இதுவரை நம் மலரில் வராத ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அவர் ஒரு பெண். நம் ஊரில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வாழ்ந்தவர். இந்த ஊரில் இருந்தபோதுதான் அவருடைய எழுத்து முதன்முதலில் அச்சில் வந்தது. ஆனால் அந்த எழுத்தின் கீழே அவர் பெயர் இல்லை.

அவர்தான் கிருபாபாய் சத்தியநாதன். "யாருங்க அது?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கேட்பதற்கு நியாயம் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

கடிதங்களில் வாழ்ந்த ஊட்டி

நம் மலையைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதியவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் கடிதம் எழுதியவர்கள்தான். 1834-ல் இந்தியாவுக்கு வந்து இறங்கிய மெக்காலே, நேரே ஊட்டிக்கு வந்து கவர்னர் ஜெனரல் பென்டிங்க் பிரபுவைச் சந்தித்தார். இங்கே கண்டதையெல்லாம் இங்கிலாந்தில் இருந்த உறவினருக்குக் கடிதங்களில் எழுதினார். 1858-ல் கானிங் சீமாட்டி குன்னூரிலும் ஊட்டியிலும் தங்கிக் கடிதங்கள் எழுதியதோடு படங்களும் வரைந்தார். 1877-ல் வைஸ்ராய் லிட்டன் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், ஊட்டியின் மழையையும் சேற்றையும் இங்கிலாந்தின் கிராமப்புறத்தோடு ஒப்பிட்டு மகிழ்ந்துபோனார். இந்தக் கடிதங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன, புத்தகங்களாயின, இன்றும் சுற்றுலாக் கையேடுகளில் துண்டு துண்டாக வந்துகொண்டிருக்கின்றன.

காரணம் என்ன? எழுதியவர்கள் பெரிய இடத்து மனிதர்கள். அவர்கள் கடிதத்தை வாங்கியவர்கள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். வந்து பார்த்து எழுதிவிட்டுப் போனவர்களின் கண்களால்தான் நாம் நம் ஊரைப் படித்து வந்திருக்கிறோம் என்றால் மிகையாகாது. இந்த வரிசையில் ஓர் இந்தியப் பெண்ணின் கண் எங்கே என்று தேடும்போதுதான் கிருபாபாய் நமக்குக் கிடைக்கிறார்.

மருத்துவக் கல்லூரியிலிருந்து மலைக்கு

கிருபாபாய் பிறந்தது இங்கே அல்ல, மராட்டிய நாட்டின் அகமத்நகரில், 1862-ல். தந்தை ஹரிபந்த், தாய் ராதாபாய். பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவத்தைத் தழுவியவர்கள். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். அண்ணன் பாஸ்கர்தான் அவருக்குப் படிப்பில் ஆசை மூட்டியவர். அந்த அண்ணனும் இளமையிலேயே காலமானார்.

பம்பாயில் மிஷன் பள்ளியில் படித்த இந்தப் பெண்ணுக்கு மருத்துவம் படிக்க வேண்டும் என்று ஆசை. இங்கிலாந்து போய்ப் படிக்க உதவித்தொகை கிடைக்கும் நிலையும் வந்தது. ஆனால் உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அப்போது இந்தியாவிலேயே ஒரு கதவு திறந்திருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ல் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. 1878-ல் கிருபாபாய் அங்கே சேர்ந்தார். இன்று ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் நம் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் படிக்கிறார்கள். 1878-ல் ஓர் இந்தியப் பெண் அங்கே போய் உட்கார்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்று மாணவிகள் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

முதல் ஆண்டில் நன்றாகவே படித்தார். ஆனால் ஓராண்டுக்குள் உடல்நலம் கெட்டது. படிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. டாக்டர் ஆகும் கனவு அத்தோடு முடிந்தது.

சென்னையில் அவர் தங்கியிருந்தது டபிள்யூ. டி. சத்தியநாதன் என்ற தமிழ்ப் பாதிரியாரின் வீட்டில். அந்த வீட்டம்மா அன்னா சத்தியநாதன் லேசுப்பட்டவர் அல்ல. திருநெல்வேலிச் சீமையில் புகழ்பெற்ற ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். சென்னையில் பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தியவர். அவர்களுடைய மகன் சாமுவேல் கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பியவர். சாமுவேலுக்கும் கிருபாபாய்க்கும் திருமணம் நடந்தது. மராத்தி பேசிய பெண் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு மருமகளானார்.

திருமணம் ஆன சிறிது காலத்தில் சாமுவேலுக்கு ஊட்டியில் வேலை கிடைத்தது. பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமையாசிரியர் பதவி. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்து 1872-ல் இறந்துபோன ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸின் நினைவாக ஏற்பட்ட பள்ளி அது. 1880-களின் முற்பகுதியில் இளந்தம்பதியர் மலையேறி வந்தார்கள்.

'ஓர் இந்தியப் பெண்'

சமவெளியில் வாட்டிய நோய் இங்கே வந்ததும் கொஞ்சம் விலகி நின்றது. நம் ஊர்க் காற்றுக்கு அப்படி ஒரு குணம் உண்டுதானே! உடம்பு தெம்பானதும் கிருபாபாய் சும்மா இருக்கவில்லை. சர்ச் மிஷனரி சங்கத்தின் உதவியோடு ஊட்டியில் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். வேறு பெண்கள் பள்ளிகளுக்கும் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஊட்டி அப்போது சென்னை அரசாங்கத்தின் கோடைத் தலைநகரம். கோடை வந்தால் கவர்னர் முதல் குமாஸ்தா வரை மலையேறி வருவார்கள். கிளப்பும் குதிரைப் பந்தயமும் வேட்டையுமாக ஊர் அமர்க்களப்படும். அந்த ஆரவாரத்துக்கு நடுவே, யாரும் கவனிக்காத வீட்டுப் பெண் குழந்தைகளைத் தேடி ஓர் இந்தியப் பெண் நடந்துகொண்டிருந்தார்.

இங்கேதான் எழுத ஆரம்பித்தார். தோடர்களைப் பார்க்கப் போனதைப் பற்றி ஒரு கட்டுரை. 'சௌத் இந்தியா அப்சர்வர்' என்ற ஊட்டிப் பத்திரிகையில் வெளிவந்தது. கட்டுரையாளர் பெயருக்குப் பதிலாக இருந்தது 'ஓர் இந்தியப் பெண்' என்பது மட்டுமே.

அந்தக் காலத்தில் தோடர்களைப் பற்றி எழுதியவர்கள் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1873-ல் மார்ஷல் என்ற இராணுவ அதிகாரி, மண்டையோட்டின் அமைப்பைப் பார்த்து மனிதரின் குணத்தைச் சொல்லலாம் என்ற நம்பிக்கையோடு தோடர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அந்த நம்பிக்கை பின்னாளில் விஞ்ஞானம் அல்ல என்று தள்ளப்பட்டது. அதே 1873-ல் பிரீக்ஸின் ஆராய்ச்சி நூல் வெளிவந்தது. ரிவர்ஸ் என்ற அறிஞரின் பெரிய நூல் 1906-ல் வந்தது. எருமையையும் மந்தையும் புத்துக்குளிப் போர்வையையும் பற்றி ஆளாளுக்கு எழுதினார்கள். எழுதியவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஐரோப்பிய ஆண்கள். அந்த வரிசைக்கு நடுவில், அவர்களுக்கே உரிய மொழியில், அவர்கள் வாசிக்கும் பத்திரிகையில், ஓர் இந்தியப் பெண் போய் நின்றார். இதுதான் செய்தி.

சரி, பெயரை ஏன் போடவில்லை? பெண்கள் பெயரில்லாமல் எழுதுவது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல. ஜேன் ஆஸ்டினின் முதல் நாவல் 1811-ல் வெளிவந்தபோது 'ஒரு பெண் எழுதியது' என்றுதான் அச்சாயிற்று. சார்லட் பிராண்டே 1847-ல் ஆண் பெயர் போல ஒலிக்கும் புனைபெயரில் ஒளிந்துகொண்டார். நல்ல குடும்பத்துப் பெண்ணின் பெயர் கடைத்தெருவில் விற்கும் தாளில் வரக்கூடாது என்பது உலகத்துக்கே பொதுவான எண்ணமாக இருந்தது.

ஆனால் கிருபாபாய் தேர்ந்தெடுத்த கையொப்பத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெறும் 'ஒரு பெண்' இல்லை, 'ஓர் இந்தியப் பெண்'. தோட்டத் துரைமார்களும் அதிகாரிகளும் காலைக் காப்பியோடு புரட்டும் பத்திரிகை அது. பெயரை மறைத்த அதே இடத்தில் தான் இந்தியர் என்பதையும் பெண் என்பதையும் அவர் சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டில் வேலைக்கு நிற்கும் பெண்களும் இந்தியப் பெண்கள்தான். இனி அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு, உங்கள் மொழியில் உங்களுக்கே எழுதக்கூடியவள் என்ற பொருள். பெயரை விட்டுக்கொடுத்தார், அடையாளத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இதைப் படித்தபோது எனக்கு நம் கல்லூரி நாட்கள் ஞாபகம் வந்தன. 1970-களில் கவிதை எழுதிய தோழிகள் சிலர், "பேரு போட்டா வீட்ல திட்டுவாங்கடி" என்று சொல்லி 'மூன்றாம் ஆண்டு மாணவி' என்று மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். ஊட்டியில் கிருபாபாய் எழுதி ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆன பிறகும் நிலைமை இதுதான்.

தபால் வண்டியும் தொடர்கதையும்

ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு எழுத்தாளராக இருப்பது அந்தக் காலத்தில் எவ்வளவு சிரமம் என்பதையும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது 1873-ல். அதற்கு மேல் குதிரை பூட்டிய டோங்கா வண்டியும் மாட்டு வண்டியும்தான். கல்லாறு தாண்டி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து, குன்னூர் வழியாக ஊட்டிக்கு வர வேண்டும். மலை ரயில் குன்னூரைத் தொட்டது 1899-ல், ஊட்டிக்கு வந்தது 1908-ல். ஆகவே கிருபாபாய் இங்கே இருந்தபோது அவருக்கு வந்த புத்தகம், பத்திரிகை, கடிதம் ஒவ்வொன்றும் டோங்காவில் ஏறித்தான் வந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் நின்றுவிடும். இந்த அனுபவம் நமக்குப் புதுசா என்ன!

ஆனாலும் அந்தத் தபால்தான் வீட்டுக்குள் இருந்த பெண்ணுக்கு வெளியுலகத்தோடு தொடர்பு. மேடை ஏறிப் பேச முடியாது. பத்திரிகை அலுவலகத்துக்குத் தனியாகப் போக முடியாது. ஆனால் ஒரு உறையில் தாளை மடித்து வைத்து, தபால்தலை ஒட்டி அனுப்ப முடியும். அந்தத் தலைமுறைப் பெண்களின் இலக்கிய வாழ்க்கை முழுவதும் தபால் பெட்டி வழியாகத்தான் நடந்தது.

ஊட்டியை விட்டுக் கணவரின் வேலை நிமித்தமாக ராஜமந்திரி போனார்கள். உடம்பு மறுபடி படுத்தியது. பிறகு கும்பகோணம். 1886-ல் சென்னைக்கே திரும்பினார்கள். 1887, 1888 ஆண்டுகளில் 'மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகஸின்' இதழில் 'சகுணா' என்ற நாவல் தொடராக வந்தது. படிக்க ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை. பெரும்பகுதி அவருடைய சொந்தக் கதையே. தமிழில் பி. ஆர். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' விவேக சிந்தாமணியில் தொடராக வரத் தொடங்கியது 1893-ல் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், இந்தப் பெண் எவ்வளவு முன்னால் நின்றார் என்று தெரியும். இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய தொடக்க கால நாவல்களில் ஒன்று என்று இன்று அறிஞர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

பிறந்த ஒரே குழந்தை ஒரு வயது நிறைவதற்குள் இறந்துவிட்டது. அந்தத் துக்கமும் நோயும் சேர்ந்து அவரை உருக்கின. படுக்கையில் இருந்தபடியே அடுத்த நாவலான 'கமலா'வை எழுதினார். பால்ய விவாகத்தில் சிக்கி, விதவையாகி, தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்கும் ஓர் இந்துப் பெண்ணின் கதை. அது புத்தகமாக வந்தது 1894-ல். அதே ஆண்டு ஆகஸ்டில் கிருபாபாய் காலமானார். அப்போது அவருக்கு வயது 32.

இன்னொரு பெண், ஒரு பத்திரிகை

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

சாமுவேல் சத்தியநாதன் 1898-ல் மறுமணம் செய்துகொண்டார். மணமகள் ராஜமந்திரிப் பக்கத்தைச் சேர்ந்த தெலுங்குப் பெண், ஹன்னா ரத்னம் கிருஷ்ணம்மா. அதே ஆண்டு பி.ஏ. முடித்தவர். பிறகு எம்.ஏ.யும் படித்தார். தென்னிந்தியாவில் எம்.ஏ. பட்டம் பெற்ற முதல் பெண் என்று இவரைக் குறிப்பிடுவார்கள். கமலா சத்தியநாதன் என்ற பெயரில் நாடறிந்தவர் ஆனார். கிருபாபாயின் கடைசி நாவலின் பெயரும் 'கமலா' என்பதை நினைத்துப் பார்க்கும்போது என்னமோ செய்கிறது.

1901 ஜூலையில் கமலா சென்னையிலிருந்து 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபதுக்குச் சற்று மேல். தம்பி தங்கைகளே, ஏறக்குறைய உங்கள் வயது! இந்தியப் பெண்களுக்காக, இந்தியப் பெண் ஒருவரே ஆசிரியராக இருந்து நடத்திய பத்திரிகை. முன்பு ஊட்டிப் பத்திரிகையின் மூலையில் தனியாக நின்ற 'இந்தியப் பெண்' என்ற சொல், இப்போது பத்திரிகையின் தலைப்பாகவே ஆகிவிட்டது.

பத்திரிகை ஆசிரியரின் வேலை என்ன? முக்கால்வாசி கடிதம் எழுதுவதுதான். கட்டுரை கேட்டுக் கடிதம், வந்ததைப் பெற்றுக்கொண்டதற்குக் கடிதம், திருத்தம் சொல்லிக் கடிதம், சந்தா கேட்டுக் கடிதம். சரோஜினி நாயுடு, கார்னீலியா சொராப்ஜி போன்றவர்களின் எழுத்துகள் இந்த இதழில் வந்தன. இவற்றையெல்லாம் விட எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 1905-ல் பீகார்ப் பக்கம் பாகல்பூரில் வாழ்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன் என்ற முஸ்லிம் பெண் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்ற கதை, சென்னையில் அச்சான இந்த இதழில்தான் முதலில் வெளிவந்தது. பெண்கள் நாட்டை ஆளுகிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் பர்தாவில் இருக்கிறார்கள், சூரிய வெப்பத்தைப் பிடித்துச் சமைக்கிறார்கள், ஆகாயத்தில் வண்டி ஓட்டுகிறார்கள். 1905-ல் இப்படி ஒரு கற்பனை! இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. வங்கத்துப் பெண்ணின் எழுத்து பாகல்பூரிலிருந்து சென்னைக்குத் தபாலில் வந்து, தெலுங்குப் பெண்ணின் மேஜையில் பிரிக்கப்பட்டு, நாடெங்கும் சந்தாதாரர் வீடுகளுக்குப் போயிற்று.

அதே 1905-ல் அதே சென்னையில் பாரதியார் தமிழ்ப் பெண்களுக்காக 'சக்கரவர்த்தினி' என்ற மாத இதழுக்கு ஆசிரியரானார். இருபது ஆண்டு கழித்து, 1925-ல், வை. மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி'யை எடுத்து நடத்தத் தொடங்கினார். தமக்குச் சரளமாக எழுத வராத காலத்தில், தோழி ஒருவரிடம் சொல்லச் சொல்ல எழுதவைத்து முதல் நாடகத்தை உருவாக்கியவர் அவர். பிற்பாடு நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள். கமலா போட்ட பாதையில் எத்தனை பேர் நடந்தார்கள் பாருங்கள்.

கமலாவின் வாழ்க்கையும் மலர்ப் படுக்கையாக இருக்கவில்லை. 1906-ல் சாமுவேல் ஜப்பானில் காலமானார். இரண்டு சிறு குழந்தைகளோடு இளம் விதவையாக நின்றார் கமலா. பித்தாபுரம் ராணிக்கு ஆசிரியையாகப் பணி செய்து குடும்பத்தைக் காத்தார். பத்திரிகையையும் விடவில்லை. 1918 வரை அது வந்தது. நின்றுபோனதை 1927-ல் மறுபடி தொடங்கி 1938 வரை நடத்தினார். 1950-ல் மறைந்தார்.

யார் காப்பாற்றிக் கொடுத்தார்கள்?

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மெக்காலேயின் கடிதத்தைக் காப்பாற்ற ஆயிரம் பேர் இருந்தார்கள். குழந்தை இல்லாமல் 32 வயதில் போய்ச்சேர்ந்த ஒரு பெண்ணின் எழுத்து எப்படி நம் கைக்கு வந்தது?

முதலாவது, ஒரு தோழமை. 'கமலா' நாவலின் முன்னால் கிருபாபாயின் வாழ்க்கைக் குறிப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. அதை எழுதியவர் திருமதி கிரிக். இவர் யார் தெரியுமா? 1880-ல் வெளிவந்த 'நீலகிரி மாவட்டக் கையேடு' என்ற பெரிய நூலைத் தயாரித்த எச். பி. கிரிக்கின் மனைவி. நம் மாவட்டத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் இன்றும் முதலில் புரட்டுவது கணவரின் நூலைத்தான். மனைவி எழுதிய அந்தச் சில பக்கங்கள் இல்லாவிட்டால், பெயர் போடாமல் ஊட்டிப் பத்திரிகையில் எழுதிய 'இந்தியப் பெண்' யார் என்று இன்று சொல்வதே கடினம். கணவர் ஒரு மாவட்டத்தை எழுதி வைத்தார், மனைவி ஒரு பெண்ணை எழுதி வைத்தார். இரண்டுமே நமக்கு வேண்டியவை.

இரண்டாவது, அச்சு. கிருபாபாய் இறந்து இரண்டு ஆண்டுக்குள், 1896-ல், அவருடைய சிதறிய எழுத்துகள் சென்னையில் தொகுப்பாக அச்சேறின. அதே காலத்தில் இரண்டு நாவல்களும் தமிழிலும் வந்தன. மாதப் பத்திரிகையோடு போயிருக்க வேண்டியவை புத்தகமாகி, நூலக அலமாரியில் இடம் பிடித்தன.

மூன்றாவது, ஒரு மகள். கமலாவின் மகள் பத்மினி சென்குப்தா, தாயின் வாழ்க்கையை ஒரு நூலாக எழுதி 1956-ல் வெளியிட்டார். பெற்ற தாயைப் பற்றி மகள் எழுதிய அந்த நூல் பத்திரிகையின் கதையையும் சேர்த்துக் காப்பாற்றியது.

அதன் பிறகு நீண்ட மௌனம். 1998-ல் கிருபாபாயின் இரு நாவல்களையும் சாந்தனி லொகுகே என்ற இலங்கையில் பிறந்த அறிஞர் பதிப்பிக்க, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் மறுபடி வெளியிட்டது. இறந்து 104 ஆண்டு கழித்து! 2017-ல் டெபோரா லோகன் என்பவர் 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' பற்றித் தனி நூலே எழுதினார். அமெரிக்காவில் இருக்கும் பேராசிரியருக்கு நம் சென்னைப் பத்திரிகை மேல் வந்த அக்கறை நமக்கு வர வேண்டாமா?

ஒரு தோழி, ஒரு பதிப்பகம், ஒரு மகள். இந்த மூன்றில் ஒன்று அறுந்திருந்தாலும் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு விஷயம் கிடைத்திருக்காது. எழுதுவது ஒருத்தி வேலை. அதை நிலைக்க வைப்பது சுற்றி இருப்பவர்கள் வேலை.

நம் மலையில் பின்னாளில் வந்த இன்னொரு எழுத்தாளரையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. ராஜம் கிருஷ்ணன், மின்வாரியப் பொறியாளரான கணவரோடு நீலகிரிக்கு வந்தவர். படகர் மக்களோடு பழகி 'குறிஞ்சித் தேன்' எழுதினார். கிருபாபாயைப் போலவே கணவரின் வேலையால் இந்த மலைக்கு வந்தவர்தான், மலை மக்களைத் தேடிப் போய்ப் பார்த்தவர்தான். ஆனால் இவர் தமிழில் எழுதினார், தம் பெயரைப் போட்டு எழுதினார். ஏறத்தாழ 80 ஆண்டு இடைவெளியில் நடந்த மாற்றம் இது.

நம் வீட்டுப் பரணில் இருப்பவை

கடைசியாக ஒரு வேண்டுகோள்.

வரலாறு என்றால் ராஜா, போர், கவர்னர் என்றே பழகிவிட்டோம். நம் எல்லோர் வீட்டிலும் கடிதம் எழுதிய பெண்கள் இருந்தார்கள். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து இலங்கையில் இருந்த அக்காவுக்கு நீல நிறத் தாளில் எழுதிய அம்மாக்கள், பட்டாளத்துக்குப் போன கணவருக்கு வெலிங்டனிலிருந்து எழுதிய மனைவிமார், விடுதியில் இருந்து வீட்டுக்கு "பணம் அனுப்பவும்" என்று இன்லேண்ட் லெட்டர் எழுதிய நம் தோழிகள். வீடு மாற்றும்போதும், வெள்ளையடிக்கும்போதும், "எல்லாம் பழைய குப்பைதானே" என்று பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடுகிறோம். கிலோ சில ரூபாய்க்கு ஒரு பெண்ணின் வாழ்நாள் போய்விடுகிறது. இப்போது கடிதமே யாரும் எழுதுவதில்லை, எல்லாம் செல்போனில்தான். அதனால் இருக்கிற கடிதங்களின் மதிப்பு இன்னும் கூடித்தான் இருக்கிறது.

தம்பி தங்கைகளே, ஊட்டியில் 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகம் இருக்கிறது. சென்னையில் கன்னிமாரா நூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. ஆய்வுக்குத் தலைப்பு இல்லை என்று அலையாதீர்கள். நீலகிரியில் வாழ்ந்து எழுதிய பெண்கள் என்று தொடங்கினாலே ஓர் ஆய்வேட்டுக்கு விஷயம் இருக்கிறது.

முன்னாள் மாணவ நண்பர்களே, நீங்கள் வைத்திருக்கும் பழைய ஆண்டு மலர்களை எடுத்துப் பாருங்கள். 'ஒரு மாணவி' என்று முடியும் கவிதையும் கதையும் நிச்சயம் கண்ணில் படும். அது யார் எழுதியது என்று நம் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும். பென்சிலால் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதி வையுங்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. அடுத்த சந்திப்புக்கு வரும்போது மலரைக் கையோடு கொண்டுவந்தால், ஒரு நகல் எடுத்து நம் கல்லூரி நூலகத்தில் சேர்த்துவிடலாம். திருமதி கிரிக் 1894-ல் ஒரு தோழிக்குச் செய்ததை நாம் நம் தோழிகளுக்குச் செய்வோம்.